ஆச்சி செய்தது தியாகமா, வேலையா?

எங்கள் ஊர்ப் பக்கம் வயதான பெண் ஒருவர் இறந்துபோனால் மறுநாள் காலைக்குள் தெருமுனையில் பிளெக்ஸ் வந்துவிடும். 'தியாகச் சுடர்', 'குடும்ப விளக்கு', 'அன்பின் இருப்பிடம்' இந்த மூன்றில் ஒன்று கட்டாயம் இருக்கும். அதற்குக் கீழே மகன்களின் பெயரும் வேலையும் இருக்கும். ஓய்வு பெற்ற ஆசிரியர், மின்வாரியம், சாப்ட்வேர், துபாய் என்று வரிசையாக. இறந்துபோனவர் என்ன வேலை செய்தார் என்று மட்டும் எங்கேயும் இருக்காது. இதுவரை நான் பார்த்த எந்த பிளெக்ஸிலும் இருந்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள், சந்தோஷப்படுவேன்.

அம்மாக்களையும் பாட்டிகளையும் பற்றிப் பேசும்போது 'தியாகம்' என்ற வார்த்தையைக் கொஞ்ச காலத்துக்கு ஓரமாக வைத்துவிடலாம் என்பது என் கருத்து. இதற்கு என்னிடம் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அந்த வார்த்தை அவர்கள் செய்த வேலையை மறைத்துவிடுகிறது. இரண்டாவது, அது இறந்தவருக்குச் சொல்லும் புகழ்ச்சி மாதிரி இருந்தாலும், உண்மையில் உயிரோடு இருக்கும் பெண்களுக்குப் போடும் உத்தரவு. இந்த இரண்டாவது காரணம் இப்போது என் வீட்டிலேயே நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற வருடம் இறந்துபோன என் ஆச்சிக்கு (அம்மாவின் அம்மா) வயது 87 இருக்கலாம். 'இருக்கலாம்' என்று சொல்லக் காரணம், பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. வாக்காளர் அட்டையில் யாரோ ஜனவரி 1 என்று போட்டு வைத்திருக்கிறார்கள். ஆச்சிக்கு வருடங்கள் எண்ணாக ஞாபகம் இருக்காது. "தனுஷ்கோடிப் புயல் அடிச்ச வருஷம் உங்க பெரிய மாமா கைப்புள்ள" என்பார். அந்தப் புயல் 1964 டிசம்பரில் வந்தது. மூத்தவளான பெரியம்மாவுக்கு அப்போது ஐந்து வயது. இப்படிப் பின்னால் கணக்குப் போட்டுப் போட்டுத்தான் 1938 வாக்கில் பிறந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தோம்.

பதினேழு வயதில் கல்யாணம். ஆறு பிரசவம், தங்கியது நாலு பேர். தாத்தா குத்தகைக்கு எடுத்த நிலத்தில் பாடுபட்டவர். 1981-ல் அவர் போய்விட்டார். கடைசிப் பிள்ளையான என் அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. மறு வருடம், 1982 ஜூலையில், எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. மூன்றாம் வகுப்பில் இருந்த அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு கிடைத்தது. பத்து வயதைத் தாண்டிவிட்ட சின்ன மாமாவுக்கு 1984-ல் திட்டத்தை விரிவாக்கிய பிறகுதான் கிடைத்தது. நடுவில் இருந்த இரண்டு வருடமும் அம்மா தன் தட்டுச் சோற்றில் பாதியை டிபன் டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுவருவாராம். சத்துணவைப் பற்றி எத்தனையோ படிக்கிறோம். என்னைப் பொறுத்தவரை அது அந்த டப்பாதான்.

சரி, மீதிச் சோறு எங்கிருந்து வந்தது? பீடியில் இருந்து வந்தது.

ஆலங்குளம், முக்கூடல், கடையம் பக்கம் வந்தவர்களுக்கு இது புதிதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனி இலையும் தூளும் நூலும் எடை போட்டுக் கொடுக்கும். இலை வட இந்தியக் காடுகளில் இருந்து வருவது. அதை ராத்திரியே நனைத்து வைக்க வேண்டும். காலையில் கத்தரியால் அளவாக வெட்டி, மடியில் சொளவை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இலையிலும் தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, வாயை மடக்கிவிட வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. சாயங்காலம் பீடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் பார்த்துப் பார்த்துக் கழிப்பார்கள். கழித்தது போக மீதிக்குத்தான் கூலி. கூலி எப்போதும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்குதான். கொடுத்த இலை அழுகலாக இருந்தால் கணக்குக் குறையும், குறைந்ததற்கு வெளியே காசு கொடுத்து இலை வாங்க வேண்டும். அந்த நஷ்டமும் சுற்றுபவர் தலையில்தான்.

ஆச்சி இதை நாற்பது வருடத்துக்கு மேல் செய்தார். சமையல், தண்ணீர் எடுப்பது, பிள்ளைகள், ஆடு எல்லாம் போக ஒரு நாளைக்கு 700 பீடி சுற்றினார் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். வருடத்தில் 250 நாள். 40 வருடம். பெருக்கிப் பாருங்கள், 70 லட்சம் பீடி வருகிறது.

இது நான் உட்கார்ந்து போட்ட தோராயக் கணக்குதான். ஆனால் 'தியாகச் சுடர்' என்ற வார்த்தை எனக்குச் சொல்லாத ஏதோ ஒன்றை இந்த 70 லட்சம் சொல்கிறது.

வீட்டு வேலைக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினேழு வயதில் இருந்து எண்பது வயது வரை, ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் மட்டும். (ஐந்து மணி நேரம் போதவே போதாது என்று அம்மா சண்டைக்கு வருகிறார், இருக்கட்டும்.) 63 வருடம் பெருக்கல் 365 பெருக்கல் 5. கிட்டத்தட்ட 1,15,000 மணி நேரம். வருடத்துக்கு 300 நாள், நாளைக்கு எட்டு மணி நேரம் ஆபீஸ் போகிற ஒருவர் இத்தனை மணி நேரம் வேலை செய்ய 48 வருடம் ஆகும். அதாவது பீடிக்கு வெளியே, சம்பளமே இல்லாத இன்னொரு முழுநேர வேலையையும் ஆச்சி பார்த்து முடித்திருக்கிறார். ரேஷன் கார்டில் தொழில் 'இல்லத்தரசி' என்றிருந்தது.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பீடி நல்ல பொருள் இல்லை. அதைக் குடித்தவர்களின் நெஞ்சை அது என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். சுற்றியவர்களும் நாள் முழுக்கப் புகையிலைத் தூளைத்தான் சுவாசித்தார்கள். ஆச்சிக்கும் இது தெரியும். "குடிக்கிறவன் செத்தான், சுத்துறவ இருமுனா, கடைக்காரன் மாடி கட்டுனான்" என்று ஒரு தடவை சொன்னார். உழைப்பை மதிப்பது என்றால் உழைத்துச் செய்த பொருளையும் புகழ வேண்டும் என்று அர்த்தம் இல்லை. அந்த ஊரில் அந்தக் காலத்தில் ஒரு விதவைக்கு வீட்டில் இருந்தபடியே கிடைத்த ஒரே கூலி வேலை அது.

சட்டம் இந்த வேலையை எப்படிப் பார்த்தது என்று தேடிப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கு என்று 1966-ல் தனிச் சட்டம் வந்தது. 1977-ல் வருங்கால வைப்பு நிதி பீடித் தொழிலுக்கும் விரிவாக்கப்பட்டது. வீட்டில் உட்கார்ந்து சுற்றுபவர்கள் எங்கள் தொழிலாளர்களே இல்லை என்று முதலாளிகள் தரப்பு வாதாடியது. அவர்களும் தொழிலாளர்கள்தான், வைப்பு நிதி அவர்களுக்கும் உண்டு என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாசல் திண்ணையில் சொளவோடு உட்கார்ந்திருந்த பெண்களை டெல்லியில் ஒரு நீதிமன்றம் 'தொழிலாளி' என்று சொல்லிவிட்டது. சொந்த வீட்டு பிளெக்ஸ் இன்னும் சொல்லவில்லை!

அந்தப் பி.எஃப். பணத்தில்தான், 1990-களின் கடைசியில், ஆச்சி தன் பெயரில் இரண்டு சென்ட் இடம் வாங்கி வீடு கட்டினார். பட்டா ஆச்சி பெயரில். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பென்ஷனும் வந்தது. முதலில் சில நூறு ரூபாய், 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று ஆன பிறகு ஆயிரம். இதை வாங்க வருடத்துக்கு ஒரு தடவை உயிரோடுதான் இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டும். விரலை மெஷினில் வைத்துச் சான்று கொடுக்கும் முறை வந்ததும் ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போனவள் நான். கட்டைவிரல் விழவில்லை. ஆள்காட்டி விரல் விழவில்லை. துடைத்துவிட்டு, எண்ணெய் தடவி, பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. நூல் கட்டிக் கட்டி, இலை மடக்கி மடக்கி ரேகை தேய்ந்துபோயிருந்தது. கடைசியில் கண்ணைப் படம் எடுத்துத்தான் முடிந்தது. அங்கிருந்தவர் கொஞ்சம் அலுத்துக்கொண்டார். ஆச்சி சிரித்தார். "ரேகையெல்லாம் அவன் பீடியில போயிட்டு, அங்க போய்க் கேக்கச் சொல்லு" என்றார்.

இப்போது பொதுவான விஷயத்துக்கு வருவோம். இந்திய அரசின் புள்ளியியல் துறை 2019-லும் 2024-லும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. யார் ஒரு நாளில் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது. 2019-ல், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண் ஒருவர் சராசரியாக ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவழித்தார். அதே வேலை செய்கிற ஆண் 97 நிமிடம். 2024-ல் பெண் 289, ஆண் 88. ஆஹா, பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்துவிட்டதே என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் 202-ல் இருந்து 201 ஆகியிருக்கிறது. ஐந்து வருடத்தில் ஒரே ஒரு நிமிடம். அதிலும் ஆண்கள், வேலை செய்பவர்களே, முன்னைவிடக் குறைவாகச் செய்கிறார்கள்.

இந்த வேலைக்கு நீதிமன்றங்களும் விலை போட்டிருக்கின்றன. எப்போது தெரியுமா? செத்த பிறகு. 1989-ல் ஜாம்ஷெட்பூரில் நடந்த ஒரு தீ விபத்து வழக்கில் 2001-ல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், இறந்துபோன இல்லத்தரசிகளின் வேலைக்கு மாதம் 3,000 ரூபாய், அதாவது வருடத்துக்கு 36,000 என்று மதிப்புப் போட்டது. அது 34 முதல் 59 வயது வரை. 62 முதல் 72 வயது வரை உள்ளவர்களுக்கு வருடத்துக்கு 20,000. பாட்டி என்றால் விலை குறைவு. 62 வயதுக்கு மேல் ஆச்சி என்னென்ன வேலை செய்தார் என்று அருகில் இருந்து பார்த்தவள் நான், அதனால் இந்தத் தள்ளுபடியை ஒத்துக்கொள்ள முடியவில்லை. பிறகு 2010-ல் அதே நீதிமன்றம், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு சேர்த்து 'உழைக்காதவர்கள்' பட்டியலில் வைத்ததைக் கண்டித்தது. 2021 ஜனவரியில் வந்த இன்னொரு விபத்து வழக்குத் தீர்ப்பில் நான் மேலே சொன்ன 299, 97 என்ற எண்களே எடுத்துக்காட்டப்பட்டன. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று சொன்னது. இந்தக் கடைசித் தீர்ப்பு ஒன்றுதான் விபத்தில் சாகாமலே வேலைக்கு மதிப்பு வாங்கித் தந்தது.

இங்கே என் வகுப்பிலேயே இரண்டு பேர் மறுத்துப் பேசினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதனால் பதில் சொல்ல வேண்டும்.

முதல் மறுப்பு: "பாசத்துக்குப் பில் போடுகிறாயா? பாட்டி ஊட்டிய சோற்றுக்கு ரூபாய்க் கணக்கு எழுதினால் அது அசிங்கம் இல்லையா?" பாசத்துக்கு நான் பில் போடவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டே கதை சொன்னது பாசம். நாலு பேர் துணியைத் துவைத்தது வேலை. இரண்டையும் ஒரே ஆள் செய்ததால் இரண்டும் ஒன்றாகிவிடாது. டாக்டர் நோயாளியிடம் பாசமாக இருந்தால் அவருக்குப் பீஸ் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லையே.

இரண்டாவது மறுப்பு: "அவர்கள் மனசு ஒப்பித்தானே செய்தார்கள்?" இதை நான் ஆச்சியிடமே கேட்டிருக்கிறேன். ப்ளஸ் டூ படிக்கும்போது, "ஏன் ஆச்சி, இவ்வளவு வேலை செஞ்சியே, உனக்குக் கஷ்டமாவே இல்லையா?" என்றேன். "ஏட்டி, நான் என்ன கோயில் சிலையா? எனக்கும் இடுப்பு வலிக்கத்தான் செஞ்சுது. யாரு கேட்டா?" என்றார். மனசு ஒப்பிச் செய்வதும், மாட்டேன் என்று சொல்ல வழியில்லாமல் செய்வதும் வெளியில் இருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். கேட்டால்தான் எது எது என்று தெரியவரும். நாம் கேட்பதில்லை, 'தியாகம்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம்.

இன்னொன்று, தியாகச் சுடருக்கு ஆசைகள் இருக்கக் கூடாது. என் ஆச்சிக்கு நிறைய இருந்தன. பீடிக் காசில் சீட்டுப் போட்டு ஒரு ஜோடி கம்மல் வாங்கினார். படம் பார்க்க டூரிங் டாக்கீஸுக்கு இரண்டாம் ஆட்டம் போவார். மருமகள்களோடு சண்டை போடுவார், தோற்றால் இரண்டு நாள் பேசமாட்டார். கருவாட்டுக் குழம்பில் நடுத்துண்டு தனக்கு எடுத்து வைத்துக்கொள்வார். 'மற்றவர்கள் சாப்பிட்டு மிஞ்சியதைச் சாப்பிட்ட தெய்வம்' என்று துக்க வீட்டில் யாரோ பேசியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நடுத்துண்டைச் சொல்லாமல் ஆச்சியைப் பற்றிப் பேசினால் அது ஆச்சியைப் பற்றிய பேச்சே இல்லை.

இப்போது அந்த இரண்டு சென்ட் வீட்டுக்கு வருகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவினர் ஒருவர் பேச்சை ஆரம்பித்தார். "ஆச்சி எப்பேர்ப்பட்ட தியாகி, தனக்குன்னு ஒண்ணும் வெச்சுக்கல. பொம்பளப் பிள்ளைங்களும் அப்படித்தான் இருக்கணும்." அதற்கு அடுத்த வாக்கியம், அம்மாவும் பெரியம்மாவும் மாமாக்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது. புகழ்ச்சிக்கும் பத்திரத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை!

நம் சட்டப்படி (1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம்) உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகப் போகும். கணவர் முன்பே போய்விட்டதால் நாலு பிள்ளைகளுக்கும் ஆளுக்குக் கால் பங்கு. இதில் யாரும் யாருக்கும் தானம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் 'தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாத அம்மா'வின் மகள் தன் கால் பங்கைக் கேட்டால் பேராசைக்காரி ஆகிவிடுகிறாள். ஒரு வார்த்தை எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். அதுவும் பொய்யான வார்த்தை. ஆச்சி தனக்கென்று வைத்துக்கொண்டார். 70 லட்சம் பீடி சுற்றி, தன் பெயரில் பட்டாவோடு ஒரு வீட்டை வைத்துக்கொண்டார். அதனால்தான் இன்று பங்கு போட ஒரு வீடே இருக்கிறது.

இதில் யாருமே பேசாத ஆள் ஒருவர் உண்டு. சின்ன மாமாவின் மனைவி, என் அத்தை. இடுப்பெலும்பு முறிந்து ஆச்சி படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி மூன்று வருடமும் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அதற்காகத் தென்காசியில் ஜவுளிக்கடை வேலையை விட்டார். சட்டப்படி மருமகளுக்கு அந்த வீட்டில் பங்கு கிடையாது. துக்க வீட்டில் அத்தைக்குக் கிடைத்தது, "ஆச்சி மாதிரியே நீயும் ஒரு தியாகி" என்ற பட்டம். சாப்பிட முடியுமா அதை?

என் கருத்தை அம்மாவிடம் நேராகவே சொல்லிவிட்டேன். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. நாலு பேரும் சமமாக எடுத்துக்கொள்ளட்டும். யாராவது யாருக்காவது விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால், நாலு பேரும் சேர்ந்து அத்தைக்கு அவருடைய பெயரில் ஒரு தொகை கொடுக்கட்டும், மூன்று வருட வேலைக்கு. அம்மா இன்னும் முடிவு சொல்லவில்லை. அண்ணன்களோடு உறவு அறுந்துவிடுமோ என்று பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. கல்யாணம், காட்சி, நாளைக்கு ஒரு நோய் என்றால் வந்து நிற்கப்போவது மாமாக்கள்தான். ஆனால் பங்கைக் கேட்டால் அறுந்துபோகிற உறவை ஒரு பக்கத்துப் பெண்கள் மட்டுமே எப்போதும் காசு கொடுத்துக் காப்பாற்ற வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

வருகிற மாதம் ஆச்சியின் முதல் நினைவு நாள். பிளெக்ஸில் 'பீடித் தொழிலாளி, 40 ஆண்டுகள்' என்று போடலாம் என்றேன். பெரிய மாமா, "ஊர்ல அசிங்கமா இருக்கும்" என்றார். அவர் படித்து ஆசிரியரானது அந்த அசிங்கத்தில் வந்த காசில்தான் என்று சொல்ல நினைத்தேன். சொல்வதற்கு முன் அத்தையே சொல்லிவிட்டார். மாமா ஒன்றும் பேசவில்லை, பார்ப்போம் என்று போய்விட்டார்.

படிக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த செமஸ்டர் லீவில் ஊருக்குப் போனால், ஆச்சியோ அப்பத்தாவோ அம்மாச்சியோ உயிரோடு இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வயதில் என்ன வேலை தொடங்கினார்கள், கூலி எவ்வளவு, அதை யார் கையில் கொடுத்தார்கள், எது வாங்க ஆசைப்பட்டு வாங்கவில்லை, உடம்பில் எங்கே வலித்தது. போனில் பதிவு செய்தாலும் சரி, நோட்டில் எழுதினாலும் சரி. அந்த வீட்டுப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். முதல் நாள் "அதெல்லாம் எதுக்கு இப்போ" என்றுதான் சொல்வார்கள். இரண்டாம் நாள் அவர்களாகவே கூப்பிடுவார்கள்.